‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: எனக்கு வயது 42. கோண்டாவிலில் வசிக்கிறேன். பல்கலைக்கழகப் படிப்புக்குப் பின்னர் 14 வருடங்கள் ஒரே தொண்டு நிறுவனத்தில் வேலை செய்தேன். வன்னியில் மீள்குடியேறிய குடும்பங்களுக்கான வாழ்வாதாரத் திட்டங்களில் கள உத்தியோகத்தராகத் தொடங்கி, திட்ட முகாமையாளராக இருந்தபோது, அமெரிக்க நிதி நிறுத்தப்பட்டதால் திட்டம் இடையிலேயே மூடப்பட்டது. ஒன்பது மாதங்களாக வேலை இல்லை. மனைவி ஆசிரியை என்பதால் வீட்டில் அடுப்பு எரிகிறது. மனைவி, அம்மா, அண்ணா, மச்சான் ஆகியோரைத் தவிர வேறு யாருக்கும், பிள்ளைகளுக்குக்கூட, நான் இன்னும் சொல்லவில்லை. காலை எட்டு மணிக்கு வழமைபோலப் பையோடு வெளிக்கிட்டு, பொது நூலகத்தில் இருந்துவிட்டு மாலையில் திரும்புகிறேன். சென்ற கிழமை மகள் பாடசாலைப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்தாள். ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் எதையும் எழுத முடியாமல் பேனையை மூடி வைத்துவிட்டேன். அண்ணா கனடாவுக்கு வரச் சொல்கிறார். மச்சான் தன் ஹாட்வெயார் கடையில் பங்குக்குச் சேரச் சொல்கிறார். அம்மா, எந்த அரச உத்தியோகம் என்றாலும் போதும் என்கிறார். எங்கள் திட்டத்தில் இருந்த புதுக்குடியிருப்பு அம்மா ஒருவர் இப்போதும் எனக்குத் தொலைபேசி எடுக்கிறார். நான் பதில் சொல்வதில்லை. அடுத்த வேலை எது என்பதைவிட, அந்த வேலை இல்லாவிட்டால் நான் யார் என்ற கேள்விதான் என்னை வதைக்கிறது. விடியப்புறம் மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு நித்திரை இல்லை.

பதில்: வணக்கம். உங்கள் கடிதத்தில் வருமானத்தைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. ஆனாலும் பணத்தின் கதையை முதலில் பேசி முடித்துவிடுவோம். கையிருப்பு எத்தனை மாதத்துக்குத் தாங்கும் என்று தெரியாதவருக்கு, தன்னைப் பற்றி நிதானமாக யோசிக்கும் அவகாசம் கிடைப்பதில்லை. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்த நிறுவனம் ஒன்றில் ஐந்து வருட சேவையை நிறைவு செய்தவருக்கு, சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் சேர வேண்டும். உங்களுக்கு அது கடைசிச் சம்பளத்தின்படி ஏழு மாதச் சம்பளம். ஒப்பந்தத்தை வருடாவருடம் புதுப்பித்ததைக் காரணம் காட்டி, சேவை தொடர்ச்சியானதல்ல என்று யாராவது சொல்லியிருந்தால், நியமனக் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தொழில் திணைக்களத்துக்குப் போங்கள். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியில் உங்கள் பெயரில் மாதாமாதம் சேர்ந்த 3 வீதத்தை வேலையை விட்டு விலகியவர் என்ற முறையில் இப்போதே கோரலாம். ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் 8 வீதமும் நிறுவனத்தின் 12 வீதமுமாகச் சேர்ந்திருப்பது ஆண்களுக்குப் பொதுவாக 55 வயதில் கைக்கு வருவது; அதற்கு முன்னர் வீடு, மருத்துவம் போன்ற தேவைகளுக்கு ஒரு பகுதியை எடுக்க வழி உண்டு என்றாலும், அதைத் தொடாமல் விடுவது நல்லது. இந்தக் கணக்கை மனைவியோடு மேசையில் இருந்து, ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். பயம் ஓர் இலக்கமாக மாறும்போது, அந்த இலக்கம் சிறியதாக இருந்தால்கூட, அதை வைத்து அடுத்த அடியைத் திட்டமிட முடியும்.

இனி நீங்கள் உண்மையில் கேட்டதற்கு வருகிறேன்.

ஒஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்றொரு சிற்றூர் இருந்தது. ஊர் முழுவதும் ஒரேயொரு நெசவு ஆலையை நம்பி வாழ்ந்தது. 1929 இன் பொருளாதார வீழ்ச்சியோடு ஆலை மூடப்பட்டது. 1931 இன் கடைசியில் மரி யகோடா என்ற இளம் உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே போய்த் தங்கி, வேலையில்லாத ஊர் ஒன்று எப்படி வாழ்கிறது என்று பதிவு செய்தார்கள். அவர்கள் கண்டவற்றில் இரண்டை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஆண்களுக்கு இப்போது நேரம் தாராளமாக இருந்தது. நூலகமும் கட்டணத்தை நீக்கியிருந்தது. அப்படியிருந்தும் இரவல் பெறப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. இரண்டாவது, வீதியில் ஆண்கள் பெண்களைவிட மெதுவாக நடந்தார்கள். அடிக்கடி காரணமில்லாமல் நின்றார்கள். பெண்களுக்குச் சம்பள வேலை போயிருந்தாலும் வீட்டு வேலை இருந்தது. அவர்களுடைய நாளுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருந்தன. ஆண்களைக் கேட்டால், காலையிலிருந்து மதியம் வரை என்ன செய்தோம் என்பதைக்கூட அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. நீங்கள் பொது நூலகத்தில் ஏழு மணித்தியாலம் இருந்தும், என்ன வாசித்தீர்கள் என்று கடிதத்தில் ஒரு சொல்லும் எழுதாததைக் கவனித்தேன்.

அந்த அனுபவத்திலிருந்து யகோடா பின்னாளில் வந்து சேர்ந்த முடிவு, உங்கள் கேள்வியைத் திறக்க உதவும் என்று நினைக்கிறேன். வேலை என்பது சம்பளத்தோடு சேர்த்து, யாரும் கேட்காமலே ஐந்து விடயங்களைத் தருகிறது என்றார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், தனியொருவரால் ஆகாத பொதுக் காரியத்தில் ஒரு பங்கு, சமூகத்தில் ஓர் இடம், கட்டாயமாகச் செய்தே தீர வேண்டிய ஒரு செயல். உங்களுக்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பு வரைக்கும் இந்த ஐந்தும் ஒரே வாசலால் வந்துகொண்டிருந்தன. வாசல் மூடப்பட்டதும் ஐந்தும் ஒரே நாளில் நின்றன; அதனால்தான் ஒரு வேலை போனதைப் போலல்லாமல் நீங்களே இல்லாமல் போனதைப் போல இருக்கிறது. இதில் நம்பிக்கைக்கும் இடமுண்டு. அடுத்த நியமனக் கடிதம் வரும்வரை ஐந்தும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அவற்றைத் தனித்தனியாக, வேறுவேறு இடங்களிலிருந்து பெறத் தொடங்கலாம்.

ஆனால் நாலாவது விடயம், சமூகத்தில் ஓர் இடம் என்பது, வியன்னாவைவிட யாழ்ப்பாணத்தில் சிக்கலானது. ‘கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்கோணும்’ என்று சொல்லி வளர்ந்த சமூகம் நாங்கள். எங்களுடைய பூட்டன்மாரின் காலத்தில் மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் படித்தவர்கள் மலாயாவுக்குப் போய்ப் புகையிரதப் பகுதியிலும் அரச கந்தோர்களிலும் எழுதுவினைஞராக இருந்து, ஓய்வூதியத்தோடு திரும்பி வந்து கல்வீடு கட்டினார்கள். மண்ணும் தண்ணீரும் கஞ்சத்தனமாக இருந்த குடாநாட்டில் உத்தியோகம்தான் வயலாகவும் கிணறாகவும் இருந்தது. இன்றைக்கும் மரண அறிவித்தலை எடுத்துப் பாருங்கள். பிறந்த ஊர், வசித்த ஊர், அடுத்து ‘ஓய்வுபெற்ற அதிபர்’, ‘இளைப்பாறிய நிலைய அதிபர்’. போன பிறகும் பதவி கூட வருகிறது. இப்படியொரு ஊரில் 42 வயதில் பதவிப் பெயர் இல்லாமல் கோவில் வீதியில் நிற்பது எவ்வளவு கூச்சமானது என்பதைச் சிறிதாக்கிப் பேச நான் விரும்பவில்லை. “வேலையா முக்கியம், மனிதன்தானே முக்கியம்” என்று யாராவது உங்களுக்கு ஆறுதல் சொன்னால், சொன்னவருக்கு அநேகமாக ஒரு வேலை இருக்கும்.

அதேவேளை, இந்தக் கூச்சம் எந்த உண்மையின் மேல் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு ஜூலை மாதத்தோடு, அந்த உதவியை வழங்கி வந்த யு.எஸ்.எயிட் என்ற அரச நிறுவனமே செயற்பாட்டை முடித்துக்கொண்டது. உலகம் முழுவதும் பெருந்தொகையானவர்களின் வேலை போனது. வாஷிங்டனில் கையொப்பமிட்டவர்கள் உங்கள் பயனாளிகளின் ஆட்டுக் கொட்டிலையும் பார்க்கவில்லை, உங்கள் காலாண்டு அறிக்கையையும் வாசிக்கவில்லை. உங்கள் திறமையைப் பற்றி அங்கே யாரும் ஒரு தீர்ப்பும் எழுதவில்லை. நீங்கள் மட்டும்தான் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

அடுத்து நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். வேலை இல்லாததைவிட, வேலைக்குப் போவதாகக் காட்டிக்கொள்வதே உங்களை அதிகம் தின்கிறது என்று நான் கருதுகிறேன். எட்டு மணிக்கு வெளிக்கிடுவது, பையைத் தூக்குவது, தெரிந்த முகம் வந்தால் வாசிகசாலை மேசையில் தலையைக் குனிவது, மாலையில் வீட்டு வாசலில் களைத்த முகத்தை வரவழைப்பது என்று ஒரு முழுநேர உழைப்பு இதற்குப் போகிறது. உதவி செய்யக்கூடிய எவரும் உங்களுக்கு உதவ முடியாதபடி இந்தத் திரை மறைக்கிறது. நீங்கள் வேலையில் இருப்பதாக நினைப்பவர் உங்களுக்கு எப்படி ஒரு வேலை சொல்வார்? இன்னொன்றும் உண்டு. பிள்ளைகளுக்கு இது தெரியாது என்று நீங்கள் நினைப்பதை நான் நம்பவில்லை. ஒன்பது மாதமாக அலுவலகத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பும் வராததையும், மோட்டார் சைக்கிளில் வன்னிப் புழுதி படியாததையும், அம்மா கடைக் கணக்கை இரண்டு தரம் பார்ப்பதையும் பிள்ளைகள் கவனிக்கிறார்கள். கேட்கக்கூடாத விடயம் என்று மட்டும் விளங்கிக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள்.

ஆகவே படிவத்தை நிரப்புவதற்கு முன் மகளிடம் சொல்லுங்கள். மனைவியும் பக்கத்தில் இருக்கட்டும். நீண்ட விளக்கம் வேண்டாம்: “அப்பாவின் திட்டத்துக்கு வந்த காசு நின்றுவிட்டது, அதனால் வேலை முடிந்தது, புதிய வேலை தேடுகிறேன், உங்கள் படிப்புச் செலவுக்கு இவ்வளவு காலத்துக்கு ஒழுங்கு இருக்கிறது.” கடைசி வாக்கியத்துக்காகத்தான் முதலில் கணக்குக் கொப்பியை எடுக்கச் சொன்னேன். பிறகு அந்த இடத்தில் ‘தற்போது வேலையில்லை; முன்னர் திட்ட முகாமையாளர்’ என்று எழுதுங்கள். வகுப்பாசிரியர் அதை வாசித்துக் கோவையில் போட்டுவிடுவார். அயலவருக்கு வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. நெருங்கிய இருவருக்குச் சொன்னால் மிகுதியை ஊர் பார்த்துக்கொள்ளும்.

விடியப்புற விழிப்பைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் கடந்து போகிறீர்கள். மூன்று மணிக்கு விழித்து மீண்டும் நித்திரை வராமல் இருப்பது, முன்பு விரும்பியவற்றில் பிடிப்பில்லாமல் போவது, பசி குறைவது, தன்னைக் குற்றவாளியாகவே நினைப்பது ஆகியவை இரண்டு கிழமைக்கு மேல் சேர்ந்து நின்றால் அதை மனச்சோர்வு நோயாகக் கருதி மருத்துவரைப் பார்க்க வேண்டும். யாழ். போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. நான் இல்லாவிட்டால் நல்லது என்ற நினைப்பு எப்போதாவது எட்டிப் பார்த்தால், கிளினிக் நாளுக்குக் காத்திராமல் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். என் கடிதத்தில் வேறெதைச் செய்யாவிட்டாலும் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இனி, ‘நான் யார்’ என்பது. இந்தக் கேள்வியை நூலக மேசையில் இருந்து யோசித்துத் தீர்க்க முயல்கிறீர்கள். முதலில் விடை கிடைக்கட்டும், பிறகு அதற்கேற்ற வேலையைத் தேடுவோம் என்பது இயல்பான ஒழுங்காகத் தெரியும். நடுவயதில் தொழில் மாறியவர்களை நீண்ட காலம் ஆராய்ந்த ஹெர்மினியா இபாரா என்ற பேராசிரியர், நடைமுறையில் இது தலைகீழாக நடக்கிறது என்கிறார். மாறியவர்கள் முதலில் சிறிய அளவில் எதையாவது செய்து பார்க்கிறார்கள், புதிய ஆட்களோடு பழகுகிறார்கள், சில முயற்சிகளைக் கைவிடுகிறார்கள். தாங்கள் யார் என்பது அதற்குப் பின்னர்தான் அவர்களுக்கே தெரிய வருகிறது. இடைப்பட்ட காலம் குழப்பமானது, பெரும்பாலும் எதிர்பார்த்ததைவிட நீளமானது. உங்கள் ஒன்பது மாதம் அதிகமென்று உங்களுக்குத் தோன்றுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்பது மாதத்தில் ஒன்றையும் செய்து பார்க்கவில்லை என்பதே கவலையாக இருக்கிறது.

புதுக்குடியிருப்பு அம்மாவின் அழைப்பை எடுங்கள். அவர் ஏன் அழைக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். திட்டம் இன்னும் நடக்கிறது, அடுத்த கட்ட உதவி வரும் என்று எண்ணி அழைக்கவும் கூடும்; அதனால் இந்த அழைப்பை உங்கள் பெறுமதிக்கு அத்தாட்சியாகக் காட்ட நான் அவசரப்படவில்லை. திட்டம் முடிந்துவிட்டது, நான் இப்போது அந்த நிறுவனத்தில் இல்லை என்று முதலில் சொல்லுங்கள். சொல்லி முடித்ததற்குப் பிறகும் அவர் எதையாவது கேட்டால், அதைக் கவனமாகக் கேளுங்கள். ஆட்டுக்குட்டியை வாங்க வந்த வியாபாரி சொல்லும் விலை சரியா என்று கேட்கலாம், நுண்கடன் தவணைக்கு வந்து நிற்பவரிடம் என்ன பேசுவது என்று கேட்கலாம். அவர் கேட்பது எதுவோ, அதுதான் நிறுவனத்தின் பெயர்ப்பலகை இல்லாமலும் உங்களிடம் மிஞ்சியிருக்கும் தொழில். முன்பு பழகிய இன்னும் ஏழெட்டுப் பேரிடம் இதே உரையாடலை நடத்திப் பாருங்கள். கேள்விகளை எழுதி வையுங்கள்.

அதன் பின்னர், கிழமையில் இரண்டு காலைப்பொழுதை ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுக்கும்படி சொல்வேன். குடாநாட்டில் கடற்றொழிலாளர் சங்கங்கள், பனை தென்னை வள சங்கங்கள், பால் உற்பத்தியாளர் சங்கங்கள் என்று எத்தனையோ இருக்கின்றன. பலவற்றில் உழைப்பவர் உண்டு, பொருளும் உண்டு. விலையைக் கணக்கிட்டு, முன்மொழிவை எழுதி, பிரதேச செயலகத்தோடும் கொழும்பு வாங்குநரோடும் பேசத்தெரிந்தவர்தான் தட்டுப்பாடு. பதினான்கு வருடம் நீங்கள் செய்தது அதுவே. ‘சும்மா போய் வேலை செய்வதா’ என்று மச்சான் சிரிக்கக்கூடும். மரியந்தால் ஆய்வு நடந்த அதே ஆண்டுகளில், அதே வியன்னாவில் விக்டர் பிராங்கிள் என்ற மருத்துவர் வேலையில்லாத இளைஞர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை இல்லை என்பதைப் பயன் இல்லை என்றும், பயன் இல்லை என்பதை வாழ்வுக்கு அர்த்தம் இல்லை என்றும் அவர்கள் கூட்டிக்கொள்வதைக் கண்டார். நூலகத்திலோ இளைஞர் அமைப்பிலோ சம்பளமில்லாமல் பொறுப்பெடுக்கச் சொன்னபோது, வயிற்றுப் பசி அப்படியே இருந்தும், பலரிடம் சோர்வு விலகியதாக எழுதியிருக்கிறார். இதற்கு ஓர் எல்லை வையுங்கள்: மூன்று மாதம், இரண்டு காலைப்பொழுது, அதற்கு மேல் கேட்டால் கட்டணம். தொண்டு செய்து பழகியவர்களுக்கு இந்த எல்லையைச் சொல்வது கடினம் என்பதால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

உறவுகள் காட்டும் மூன்று வழிகளைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் அரச உத்தியோகத்துக்கு வயதெல்லை என்ற தடை இருக்கிறது; பல பதவிகளுக்கு நீங்கள் அதைக் கடந்திருப்பீர்கள். வெள்ளிக்கிழமை வர்த்தமானியை அரை மணித்தியாலம் பாருங்கள், பொருந்தினால் விண்ணப்பியுங்கள், மிகுதி நேரத்தை அதற்குக் கொடுக்க வேண்டாம்.

அண்ணாவின் கனடா யோசனையில் நேரம் முக்கியமானது. அங்கே நிரந்தர வதிவிடத்துக்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் வயதுக்கான முழுப் புள்ளி 20 முதல் 29 வயது வரைக்கும்தான். பிறகு குறைந்துகொண்டே போய் 45 வயதில் பூச்சியமாகிறது. போவதென்றால் ஆங்கிலப் பரீட்சையை எழுதி, மனைவியை முதன்மை விண்ணப்பதாரராக வைத்தால் புள்ளி கூடுமா என்பதையும் சேர்த்து, இந்த ஆண்டுக்குள் ஒரு நேர்மையான கணக்குப் போட்டுப் பாருங்கள். விசிட் விசாவில் போய் இறங்கிவிட்டுப் பிறகு பார்ப்போம் என்ற முகவர் பேச்சுக்கு மட்டும் செவி கொடுக்க வேண்டாம். இப்போது உங்களை வாட்டுவது நிச்சயமின்மை. அந்த வழி அதையே பல வருடங்களுக்கு, குடும்பத்தைப் பிரிந்து, கடனோடு நீட்டித் தரும்.

ஹாட்வெயார் கடையை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. சீமெந்தும் கம்பியும் விற்பது உங்கள் படிப்புக்குக் குறைவு என்று நினைத்துத்தான் தயங்குகிறீர்கள் என்றால், அந்தத் தயக்கத்தை விட்டுவிடலாம். ஆனால் பங்குப் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு மாதம் கடையில் நின்று பாருங்கள். பொருள் இறக்குவது, கடன் கேட்டு வரும் மேசனோடு பேசுவது, மாலையில் கல்லாப்பெட்டியை எண்ணுவது எல்லாவற்றிலும் நில்லுங்கள். மச்சானிடம் கடந்த மூன்று வருடக் கணக்கையும், வெளியில் நிற்கும் கடன் கொப்பியையும் காட்டச் சொல்லுங்கள். பயனாளி ஒருவருக்கு ஆயிரம் கோழிக்குஞ்சு கொடுப்பதற்கு முன்பு நீங்கள் எத்தனை கேள்வி கேட்டிருப்பீர்களோ, அத்தனையையும் சொந்தப் பணிக்கொடையைக் கொடுப்பதற்கு முன்பும் கேளுங்கள். உடன்பாடு வந்தால், இலாபத்தில் பங்கு எவ்வளவு, விலகினால் முதல் எப்படித் திரும்பும் என்பவற்றை ஒரு நொத்தாரிசு முன்னிலையில் எழுதிக்கொள்ளுங்கள். சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு என்று அக்காவோ தங்கையோ மனவருத்தப்பட்டால், பின்னாளில் ஒருவரோடொருவர் பேசாமல் போகக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறோம் என்று சொல்லுங்கள்.